குழந்தைகளுக்கான மருந்துக் கணக்கு: நர்சிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் வார்டுக்கு போஸ்டிங் வரும் ஒவ்வொரு பேட்ச்சும் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அடுத்த மாதம் அடுத்த பேட்ச் வந்து அதையே கேட்கும். அந்தத் துண்டுத்தாள்களைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கேள்விகளை நீங்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் டோஸ் அளவுகள் கணக்குப் பழகுவதற்காக. வார்டில் மருந்து கொடுக்கும்போது டாக்டரின் ஆர்டரும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும்தான் கணக்கு.

1. சிஸ்டர், எனக்கு ஸ்கூல்ல இருந்தே கணக்கு வராது. இதை எப்படிப் பண்ணப்போறேன்னு பயமா இருக்கு.

இதில் தேவைப்படுவது பெருக்கல், வகுத்தல், தசமப் புள்ளி, அவ்வளவுதான். கடையில் கால் கிலோ தக்காளிக்கு விலை கேட்டு மனதிலேயே சரிபார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு வரும். நான் பார்த்தவரை, தவறு செய்தவர்களில் பெருக்கத் தெரியாமல் தவறியவர்கள் மிகக் குறைவு. லேபிளைச் சரியாகப் படிக்காதது, எடையைப் பழைய கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்தது, ‘ஒரு நாளைக்கு’ என்பதை ‘ஒரு வேளைக்கு’ என்று எடுத்துக்கொண்டது, இவைதான் காரணமாக இருந்தன.

அந்தப் பயத்தை முழுக்க விட்டுவிடாதீர்கள். பயப்படுகிறவர் இரண்டு முறை லேபிளைப் பார்ப்பார்.

2. பெரியவங்களுக்கு ‘ஒரு மாத்திரை’ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. குழந்தைக்கு மட்டும் ஏன் கிலோ கணக்கு?

நம் வார்டில் ஒரு கட்டிலில் 2.5 கிலோ பச்சிளம் குழந்தை, நான்கு கட்டில் தள்ளி 40 கிலோ எடையுள்ள பன்னிரண்டு வயதுப் பையன். பதினாறு மடங்கு வித்தியாசம். பெரியவர்கள் வார்டில் இப்படி இருக்காது. அங்கே 50 கிலோவுக்கும் 80 கிலோவுக்கும் ஒரே மாத்திரை பெரும்பாலும் பொருந்திவிடும்.

எடை மட்டுமே காரணமும் இல்லை. பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மருந்தை மாற்றும் கல்லீரலும் வெளியேற்றும் சிறுநீரகமும் இன்னும் முழுதாக முதிரவில்லை. அதனால் சில மருந்துகளில் டோஸ் அளவு மட்டுமின்றி இரண்டு டோஸுக்கு நடுவே விடும் நேரமும் மாறும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் அப்படிப்பட்டது. குறைமாதக் குழந்தைக்கு அதை ஒன்றரை நாளுக்கு ஒரு முறை, இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் ஆர்டர் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

3. நிறைய ஃபார்முலா இருக்கு, குழப்பமா இருக்கு. ஒரே ஒரு வழி சொல்லுங்களேன்.

‘வேண்டியது ÷ கையில் இருப்பது × அளவு’ என்று பாடத்தில் இருக்கும் ஃபார்முலா சரியானதுதான். ஆனால் பதற்றத்தில் எது மேலே, எது கீழே என்று மாறிவிடும். நான் சொல்லித்தருவது இரண்டு கேள்விகள். இந்தக் குழந்தைக்கு எத்தனை மி.கி. வேண்டும்? என் கையில் உள்ள மருந்தில் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. இருக்கிறது? முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் மி.லி. வந்துவிடும்.

9 கிலோ குழந்தை, காய்ச்சல், பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று ஆர்டர். வேண்டியது 9 × 15 = 135 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருந்தால் ஒரு மி.லி.க்கு 24 மி.கி.; 135 ÷ 24 = 5.6 மி.லி. அதே கம்பெனியின் இன்னொரு பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இருந்தால் ஒரு மி.லி.க்கு 50, கொடுக்க வேண்டியது 2.7 மி.லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக இருந்தால் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கே 100 மி.கி.; அப்போது சுமார் 1.35 மி.லி.தான்.

ஒரே குழந்தை, ஒரே மருந்து, ஒரே ஆர்டர், மூன்று விடைகள். சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து சிரப் கணக்கில் 5.6 மி.லி. கொடுத்தால் 560 மி.கி. உள்ளே போயிருக்கும், நான்கு மடங்குக்கும் மேல். ‘பாராசிட்டமால் 5 மி.லி. கொடுத்தேன்’ என்று யாராவது சொன்னால் உங்கள் வாயில் வர வேண்டிய அடுத்த கேள்வி, ‘எந்த பாட்டில்?’

4. எடை பார்க்கவே முடியலைன்னா? எமர்ஜென்சியில குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்களே.

உயிருக்குப் போராடும் நேரத்தில் மட்டும் வயதை வைத்து மதிப்பிடலாம். ஒரு வயதுக்குள் என்றால் மாதத்துடன் 9 கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கு 15 ÷ 2 = 7.5 கிலோ. ஒன்று முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்ட வேண்டும். மூன்று வயதுக்கு 14 கிலோ. நீளத்தை அளந்து எடையைச் சொல்லும் பிராஸ்லோ டேப் உங்கள் எமர்ஜென்சியில் இருந்தால் அது இன்னும் நல்லது. எதைப் பயன்படுத்தினாலும் கேஸ் ஷீட்டில் ‘மதிப்பிட்ட எடை’ என்று எழுதுங்கள். நிலைமை சீரானதும் தராசில் வைத்துத் திருத்துங்கள்.

மற்ற எல்லா நேரமும் எடை பார்த்தே ஆக வேண்டும். வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத குழந்தைகள் நம் வார்டில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்; மூன்று வயதில் 9 கிலோ இருக்கும் குழந்தைக்கு 14 கிலோவுக்கான மருந்து போகக் கூடாது. ஸ்வெட்டர், நனைந்த டயப்பர், கையில் கட்டிய மரப்பலகை எல்லாமே எடை காட்டும். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எடையைக் கிராமில் எழுதுவார்கள். 2,800 கிராம் என்பது 2.8 கிலோ. அதை அவசரத்தில் 28 என்று எழுதினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மருந்தும் பத்து மடங்காகும்.

5. யங் ரூல், கிளார்க் ரூல், ஃபிரைட் ரூல் எல்லாம் பரீட்சைக்கு வருது. வார்டுல யாரும் பயன்படுத்தலையே?

ஆமாம், இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. யங் விதியில் வயதை, வயதுடன் 12 கூட்டிய எண்ணால் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்க வேண்டும். நான்கு வயதுக்கு 4 ÷ 16, அதாவது கால் பங்கு. ஃபிரைட் விதி கைக்குழந்தைக்கு: மாதத்தை 150-ஆல் வகுக்க வேண்டும். கிளார்க் விதியில் பவுண்டில் உள்ள எடையை 150-ஆல் வகுக்க வேண்டும். பரீட்சையில் எடையைக் கிலோவில் கொடுத்திருந்தால் முதலில் 2.2-ஆல் பெருக்கிப் பவுண்டாக்குங்கள். பலர் மதிப்பெண் விடுவது அந்த இடத்தில்தான்.

நான்கு வயதில் 11 கிலோவும் இருக்கும், 20 கிலோவும் இருக்கும். யங் விதி இரண்டு பேருக்கும் ஒரே டோஸ் சொல்கிறது. அது கைவிடப்பட்டதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

6. ‘கிலோவுக்கு 40 மி.கி.’ன்னு இருக்கு. அது ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மருந்துப் புத்தகங்களில் ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் ‘ஒரு நாளைக்கு, பிரித்து’ என்று இருக்கும். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து பெரும்பாலும் ‘ஒரு வேளைக்கு’ என்று இருக்கும். 12 கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்றாகப் பிரித்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 480 மி.கி., ஒரு வேளைக்கு 160 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் ஒரு மி.லி.க்கு 25, ஆக ஒரு வேளைக்கு 6.4 மி.லி. பிரிக்க மறந்தவர் வேளைக்கு 19 மி.லி. ஊற்றுவார். அவ்வளவு சிரப்பை ஒரு குழந்தை விழுங்குவதை நினைத்துப் பார்த்தாலே எங்கோ இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பாராசிட்டமால் வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்பதை நாள் கணக்கு என்று எடுத்து நான்காகப் பிரித்தால் கிலோவுக்கு 4 மி.கி.கூட வராது. காய்ச்சல் இறங்காது. அம்மா பயந்துபோய் அடுத்த டோஸை ஒரு மணி நேரத்திலேயே கேட்பார். குறைவான டோஸ் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் மூன்றில் ஒரு பங்கு போனால் அதுவும் உயிருக்கே ஆபத்து. ஆர்டரில் ‘வேளைக்கு’, ‘நாளைக்கு’ என்ற சொல் இல்லையென்றால் அந்த ஆர்டர் முடியவில்லை என்று அர்த்தம். கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. பவுடர் வயல்ல 5 மி.லி. தண்ணி விட்டேன், ஆனா உள்ளே 5.4 இருக்கு. எதை வச்சுக் கணக்குப் போடறது?

தூளும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அதனால்தான் வயலோடு (தூள் மருந்துக் குப்பி) வரும் தாளில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தனியாக எழுதியிருப்பார்கள். 500 மி.கி. தூள் 0.4 மி.லி. இடம் பிடிக்கிறது என்றால், 4.6 மி.லி. ஊற்றினால்தான் மொத்தம் 5 மி.லி., ஒரு மி.லி.க்கு 100 மி.கி. கண்ணை மூடிக்கொண்டு 5 ஊற்றினால் ஒரு மி.லி.யில் 93 மி.கி.தான் இருக்கும்.

முழு வயலும் ஒரே குழந்தைக்குப் போகும்போது இது பாதிக்காது. வயலில் ஒரு சின்னப் பங்கை மட்டும் எடுக்கும்போதுதான் பாதிக்கும், நாம் பெரும்பாலும் செய்வது அதுதான். இந்த இடப்பிடிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் மனப்பாடம் செய்யாதீர்கள், தாளைப் பாருங்கள். கரைத்த வயலில் தேதி, நேரம், ‘ஒரு மி.லி.க்கு இத்தனை மி.கி.’ மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

8. டோஸ் 0.1 மி.லி.தான் வருது. சிரிஞ்சுல எடுக்கவே முடியலை. டைல்யூட் பண்ணும்போது எல்லாம் குழம்பிடுது.

குழப்பம் வருவது ‘10 மி.லி. சேர்’ என்பதற்கும் ‘10 மி.லி. ஆக்கு’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில். ஜென்டாமைசின் ஆம்பியூல் (உடைத்துத் திறக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) நம்மிடம் பெரும்பாலும் 2 மி.லி.யில் 80 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 40. அதில் 1 மி.லி. எடுத்து, நார்மல் சலைன் விட்டு மொத்தம் 4 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. ஆகும். சேர்த்த சலைன் 3 மி.லி.தான். 2.4 கிலோ குழந்தைக்கு 12 மி.கி. என்றால் நேரடியாக 0.3 மி.லி.; டைல்யூட் செய்தபின் 1.2 மி.லி. மி.கி. மாறவில்லை, மி.லி. மட்டும் மாறியது. சர்க்கரை போட்ட டம்ளரில் தண்ணீர் கூட ஊற்றினால் சர்க்கரையின் அளவு கூடாது, இனிப்புதான் குறையும்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் அடியிலும் ஒரு சொட்டு மருந்து எப்போதும் தங்கியிருக்கும். அது கோடுகளின் கணக்கில் வராது. 0.1 மி.லி. மருந்தை எடுத்து, அதே சிரிஞ்சில் சலைனையும் இழுத்தால் தங்கியிருந்த அந்தச் சொட்டும் உள்ளே வந்துவிடும். இத்தனை சின்ன டோஸில் அது பெரிய பங்கு. ஆகவே முதலில் பெரிய அளவாக டைல்யூட் செய்து நன்றாகக் கலக்குங்கள். பிறகு வேறு சிரிஞ்சில் வேண்டியதை எடுங்கள்.

9. நேத்து ராத்திரி ஸ்டாஃப் ‘1.5 மி.லி. போட்டேன்’னு ஹேண்டிங் ஓவர் கொடுத்தாங்க. நானும் அதையே போட்டா சரிதானே?

சரியில்லை. இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். 3.1 கிலோ குழந்தை, ஜென்டாமைசின் 15.5 மி.கி. முந்தைய நாள் ஸ்டாக்கில் இருந்தது குழந்தைகளுக்கான ஆம்பியூல், ஒரு மி.லி.க்கு 10 மி.கி. அதனால் 1.55 மி.லி. கொடுத்திருந்தார்கள். என் டூட்டியில் அது தீர்ந்துபோய், பெரியவர்களுக்கான 40 மி.கி. ஆம்பியூல் வந்திருந்தது. எனக்கு மனதில் 1.55 என்ற எண் மட்டும்தான் இருந்தது. அந்த ஆம்பியூலை உடைத்து 1.55 எடுத்துவிட்டேன். 62 மி.கி., நான்கு மடங்கு.

நரம்பில் செருகியிருந்த கேனுலாவுக்குப் பக்கத்தில் சிரிஞ்சைக் கொண்டுபோனபோது சீனியர் சிஸ்டர் கையைப் பிடித்தார். அவர் கணக்கு எதுவும் போடவில்லை. உடைந்த ஆம்பியூலைப் பார்த்துவிட்டு, ‘இத்தனூண்டு பிள்ளைக்கு இந்த ஆம்பியூல் முக்கால்வாசியா?’ என்று மட்டும் கேட்டார். போட வேண்டியது 0.39 மி.லி. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அன்று இரவு முழுக்க அந்தக் கட்டிலைச் சுற்றியே இருந்தேன்.

அன்றிலிருந்து நான் மி.லி.யில் ஹேண்டிங் ஓவர் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. மருந்தை மி.கி.யில் சொல்லுங்கள். மி.லி.யை ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் லேபிளை வைத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். எடுத்து முடித்தபின் சிரிஞ்சையும் குழந்தையையும் ஒருசேர ஒரு நிமிடம் பாருங்கள்.

10. தசமத்துக்கு அப்புறம் எத்தனை இடம் வரைக்கும் போகணும்?

உங்கள் சிரிஞ்ச் காட்டும் வரை. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் ஒரு கோடு 0.01 மி.லி., 2 மி.லி. சிரிஞ்சில் 0.1, 5 மி.லி. சிரிஞ்சில் 0.2. டோஸைப் பிடிக்கக்கூடிய மிகச் சிறிய சிரிஞ்சை எடுங்கள். நடுவில் ரவுண்ட் செய்யாமல் கடைசி விடையை மட்டும் ரவுண்ட் செய்யுங்கள்.

எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம்: 0.5. வெறும் புள்ளி 5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்ஜியம் கூடவே கூடாது: 5 என்று எழுதுங்கள். 5.0 என்பது மங்கிய கார்பன் தாளில் 50 ஆகிவிடும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். அது மில்லிகிராமாக மாறிப் படிக்கப்பட்டால் ஆயிரம் மடங்கு.

11. டியூபர்குலின் சிரிஞ்ச் இல்லை, இன்சுலின் சிரிஞ்சும் 1 மி.லி.தானே, அதுல எடுக்கலாமா?

வேண்டாம். நம் ஊரில் வயலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 மி.லி.யை 40 ஆகப் பிரித்திருப்பார்கள். அங்கே 10 என்ற கோடு 0.25 மி.லி. அதை 0.1 என்று நினைத்து ஆன்டிபயாடிக் எடுத்தால் இரண்டரை மடங்கு போகும்.

இன்சுலினுக்கே கூட கவனம் வேண்டும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அதிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தாலும் அதே இரண்டரை மடங்குதான். ‘யூனிட்’ என்பதையும் முழுதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் போட்டால் அது பூஜ்ஜியம் மாதிரித் தெரியும்.

12. சதவீதம், ‘ஆயிரத்தில் ஒன்று’ இதெல்லாம் மி.கி.யா எப்படி மாத்தறது?

ஒரு சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் என்றால் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. ஆயிரத்தில் ஒன்று என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், ஒரு மி.லி.க்கு 1 மி.கி. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் ஒரு மி.லி.க்கு 0.1 மி.கி.

இது உயிர் காக்கும் இடம் அட்ரினலின். 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 வீதம் 0.1 மி.கி. கடும் ஒவ்வாமையில் தொடைத் தசையில் போடும்போது ‘ஆயிரத்தில் ஒன்று’ ஆம்பியூலில் இருந்து அப்படியே 0.1 மி.லி. இதயம் நின்றுபோனால் நரம்பில் போடும்போது 1 மி.லி. ஆம்பியூலை 10 மி.லி. ஆக்கி, அதில் 1 மி.லி. இரண்டிலும் மி.கி. ஒன்றே. எட்டாம் கேள்வியின் சர்க்கரைத் தண்ணீர் இங்கேயும் அப்படியே பொருந்தும். டைல்யூட் செய்த சிரிஞ்சில் அந்த நிமிடமே லேபிள் ஒட்டுங்கள்.

10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கைவசம் இல்லாமல் தயாரிக்கச் சொன்னால், 5 சதவீதம் 75 மி.லி., 25 சதவீதம் 25 மி.லி. கலந்தால் வரும். சரிபார்க்க: 3.75 கிராம், 6.25 கிராம், கூட்டினால் 100 மி.லி.யில் 10 கிராம்.

13. டிரிப் எவ்வளவு வேகத்துல போகணும்? ‘மைக்ரோ டிரிப்’னா எண்ணிக்கை ஏன் சுலபமா இருக்கு?

ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் என்பதற்கு 1957-இல் ஹாலிடே, செகர் என்ற இரு மருத்துவர்கள் கொடுத்த கணக்கைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 18 கிலோ குழந்தைக்கு 1000 + 400 = 1400 மி.லி. மணிக்கு 58 மி.லி. அதே மூன்று படிகளுக்குக் கிலோவுக்கு 4, 2, 1 மி.லி. என்று, அதாவது ‘4-2-1’ என்று மணிக் கணக்கில் போட்டால் 40 + 16 = 56 வரும். 24 மணி நேரத்தை 25 என்று வைத்துச் சுருக்கியதால் வந்த சின்ன வித்தியாசம் அது, குழம்ப வேண்டாம். பிறந்த முதல் நாட்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே டாக்டர் தனியாக எழுதுவார்.

மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி., ஒரு மணிக்கு 60 நிமிடம். இரண்டு 60-உம் அடிபட்டுப்போவதால் மணிக்கு 58 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 58 சொட்டு. 20 சொட்டு மேக்ரோ செட் என்றால் மூன்றால் வகுத்து 19. செட்டின் உறையில் எண் அச்சடித்திருக்கும், அதைப் பார்க்காமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

பாட்டிலில் பொட்டாசியம் சேர்க்கச் சொன்னால்: நம்மிடம் உள்ள 15 சதவீத ஆம்பியூலில் ஒரு மி.லி.க்கு 2 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் அலகு). லிட்டருக்கு 20 என்றால் 500 மி.லி. பாட்டிலுக்கு 10, அதாவது 5 மி.லி. சேர்த்ததும் பாட்டிலைத் தலைகீழாகப் பலமுறை ஆட்டிக் கலக்க வேண்டும். அந்த ஆம்பியூலை நேரடியாக நரம்பில் போடவே கூடாது, இதயம் நின்றுவிடும்.

14. ஐசியூவுல ‘ஒரு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்’னு டோபமின் ஓடுது. அதை எப்படி மணிக்கு மி.லி. ஆக்கறாங்க?

குழந்தையின் எடையை 3-ஆல் பெருக்கி, அத்தனை மி.கி. மருந்தை 50 மி.லி. ஆக்கினால், பம்பில் மணிக்கு 1 மி.லி. ஓடுவது நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். 8 கிலோவுக்கு 24 மி.கி.; டோபமின் ஒரு மி.லி.க்கு 40 மி.கி. என்பதால் 0.6 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்குகிறோம். 5 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் மணிக்கு 5 மி.லி.

மந்திரம் மாதிரித் தோன்றினால் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். 24 மி.கி. என்பது 24,000 மைக்ரோகிராம், 50-ஆல் வகுத்தால் ஒரு மி.லி.க்கு 480. மணிக்கு 5 மி.லி. என்றால் 2400, நிமிடத்துக்கு 40, கிலோவுக்கு 5. சரியாக வருகிறது. எடை மாறினால் சிரிஞ்சையே புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

15. கேன்சர் வார்டுல மட்டும் உயரமும் கேட்கறாங்களே?

அங்கே உடல் பரப்பளவுக்கு டோஸ் எழுதுவார்கள். உயரத்தை (செ.மீ.) எடையால் (கிலோ) பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 110 செ.மீ., 18 கிலோ என்றால் 0.74 சதுர மீட்டர். பரீட்சைக்கு இது போதும். அந்த மருந்துகளை மாணவர்கள் கையால் கொடுக்க வேண்டாம், கூட நின்று பாருங்கள்.

16. தடுப்பூசிக்கும் எடை பார்க்கணுமா? எடை அதிகமான குழந்தைக்குக் கூடப் போடணுமா?

இல்லை. தடுப்பூசி வயதுக் கணக்கு. பிசிஜி ஒரு மாதத்துக்குள் 0.05 மி.லி., அதற்குப் பிறகு 0.1. வைட்டமின் ஏ திரவம் ஒன்பது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், அடுத்தடுத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம். வயிற்றுப்போக்குக்குத் துத்தநாகம் ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 14 நாள்.

பெரிய பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிக்கல். 45 கிலோ பையனுக்கு செஃப்ட்ரியாக்சோன் நாளைக்குக் கிலோவுக்கு 100 மி.கி. என்றால் 4.5 கிராம் வருகிறது. ஆனால் நாளொன்றுக்கு உச்சம் 4 கிராம். கிலோ கணக்கு எவ்வளவு சொன்னாலும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

17. நான் போட்ட கணக்கும் டாக்டர் எழுதினதும் ஒத்துப்போகலை. நான் ஸ்டூடண்ட், எப்படிக் கேட்கறது?

முதலில் எழுதப்பட்ட டோஸை எடையால் வகுத்து, கிலோவுக்கு எத்தனை மி.கி. வருகிறது என்று பாருங்கள். 8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. என்று இருந்தால் கிலோவுக்கு 62 மி.கி. வருகிறது, அது ஒரு முழு நாளின் உச்ச அளவையே தாண்டுகிறது. பிறகு எடை சரிதானா, நாள் கணக்கா வேளைக் கணக்கா (ஆறாம் கேள்வி) என்று பாருங்கள். அப்புறமும் ஒத்துவரவில்லை என்றால் மருந்தைக் கொடுக்காமல் ஸ்டாஃபிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் பேசும்போது ‘தப்பா எழுதியிருக்கீங்க’ என்று தொடங்க வேண்டாம். ‘சார், குழந்தை எடை 8 கிலோ, எழுதியிருக்கிறது 500 மி.கி., கிலோவுக்கு 62 வருது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க’ என்று எண்களை மட்டும் சொல்லுங்கள். நான் இப்படிக் கேட்ட நேரங்களில் பெரும்பாலும் உடனே திருத்தி, நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். சில நேரம் கோபப்பட்டும் இருக்கிறார்கள். கோபம் பத்து நிமிடத்தில் போய்விடும். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

18. டிஸ்சார்ஜ் ஆகும்போது அம்மாவுக்கு ‘5.6 மி.லி.’ன்னு சொன்னா புரியுமா?

கையில் கொடுத்தால் புரியும். ஊசியில்லாத சிரிஞ்சில் அந்தக் கோட்டில் பேனாவால் குறியிட்டு, அவரையே தண்ணீரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘ஒரு ஸ்பூன்’ என்றால் வீட்டுக்கு வீடு வேறு. பாலாடையில் ஊற்றிக் கொடுப்பவர்களிடம், முதலில் சிரிஞ்சில் அளந்து பிறகு பாலாடையில் விடச் சொல்லுங்கள். அடுத்த முறை கடையில் வேறு வீரியமுள்ள பாட்டில் கொடுத்தால் இந்தக் கோடு செல்லாது என்பதை, பழைய காலி பாட்டிலைக் காட்டியே விளக்குங்கள்.

தூளாக வரும் சிரப்புக்கு, கொதித்து ஆறிய தண்ணீரைக் குறியீட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை விட்டு, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீதியை விட்டுக் குறியீட்டைத் தொட வேண்டும். ‘சேர்’, ‘ஆக்கு’ வித்தியாசம் வீட்டுச் சமையலறையிலும் உண்டு.

19. ‘டபுள் செக்’னு சொல்றாங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ‘சரியா?’ன்னு கேட்டா போதாதா?

‘2.7 வருது, சரிதானே?’ என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ‘ம்’ என்பார்கள், நானும்தான். விடையைச் சொல்லாதீர்கள். எடை, ஆர்டர், பாட்டில் மூன்றையும் அவர் முன்னால் வைத்து, ‘எவ்வளவு வருதுன்னு போடுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தாளில் போட்டு முடித்தபின் உங்கள் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மருந்தை எடுங்கள். ஒத்திருக்காவிட்டால் இரண்டு பேருமே லேபிளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.